எட்டாம் நம்பரின் நாற்பத்தொரு வருஷம்

1955ஆம் வருஷம் செப்டம்பர் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷத்துக்கு, மெர்ல் ஹாகன் எட்டாம் நம்பர் பந்தயக் காரின் சுவிட்சைக் கீழே தட்டினான். என்ஜின் நிற்கவில்லை. மூன்று நாள் குறைய நாற்பத்தொரு வருஷத்துக்கு அது நிற்கவே இல்லை.

அயோவாவில் வெல்பி ஊரின் கண்காட்சி மைதானத்தில் அன்றைக்குக் கூடியிருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரும் இதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூடேறிய என்ஜின் சில சமயம் அணைத்த பிறகும் நாலு இருமல் இருமிவிட்டுத்தான் அடங்கும். மெர்லுக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள், தோளில் தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். கூட்டம் பாதி கலைந்த பிறகும் வண்டி உறுமிக்கொண்டிருந்ததால் ஒருவர் பாட்டரி வயரைக் கழற்றினார். இன்னொருவர் பிளக் வயர்கள் எட்டையும் பிடுங்கினார். மூன்றாமவர் டாங்கியில் மிச்சமிருந்த பெட்ரோலைப் பால் கேனில் வடித்து எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டார். என்ஜின் ஓடியது. யாரோ சொன்ன யோசனைப்படி புகைக்குழாயில் ஒரு உருளைக்கிழங்கை அடைத்தார்கள். அது பன்றிக் கொட்டகையின் கூரையைத் தாண்டிப் போய், வெந்த பதத்தில் மறுநாள் கண்டெடுக்கப்பட்டது. பால் கறக்க நேரமாகிவிட்டதால் மெர்லும் அவன் தங்கையும் வண்டியை லாரிக்குப் பின்னால் கட்டி, ஓடுகிற என்ஜினோடே பண்ணைக்கு இழுத்துப் போனார்கள்.

வண்டி பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. முப்பத்து நாலாம் வருஷத்து இரண்டு கதவுக் கார். மட்கார்டுகளை வெட்டி எறிந்து, கதவுகளை வெல்டு வைத்து மூடி, ஜன்னல் வழியாக ஏறி இறங்கும்படி ஆக்கியிருந்தார்கள். சோளம் அறுக்கும் இயந்திரத்துக்கு வாங்கி மிஞ்சிய பச்சை பெயிண்ட். எட்டு என்ற எண்ணைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற பிரஷ்ஷால் எழுதியவள் தங்கை ஆர்டிஸ். மேல் வட்டம் பெரிதாகவும் கீழ் வட்டம் சிறிதாகவும் வந்து, எந்த நேரமும் தலைகுப்புற விழப்போவது போல இருக்கும். வண்டியின் கார்புரேட்டரைக் காது வைத்துக் கேட்டுச் சரிசெய்ததும் அவள்தான். ஆனால் ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் நிற்கிற வேலிக்குள்ளே அவள் போக முடியாது. பெண்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் பலகை தொங்கியது. அதை யாரும் கொடுமை என்று நினைக்கவில்லை. மழை பெய்தால் நனையும் என்பது மாதிரி அது ஒரு விஷயம்.

அன்றைய பந்தயத்தை ஓட்டி ஜெயித்தவள் ஆர்டிஸ். இது அப்போது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

நடந்தது இதுதான். முந்தின ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மாவட்டத்தில் நடந்த பந்தயத்தில், மெர்லுக்கு முன்னால் போன வண்டி மூன்று முறை உருண்டது. ஓட்டியவன் மெர்லோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவனைப் புதைத்துவிட்டு வந்த புதன்கிழமையிலிருந்து மெர்லின் கைகள் ஆடத் தொடங்கின. காப்பிக் கோப்பையை எடுத்தால் காப்பி சட்டையில். ஞாயிற்றுக்கிழமை பெரிய பந்தயத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, மைதானத்து ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அவன் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, அவனுக்கு இருபத்தாறு.

“என்னால முடியாது ஆர்டி. ஸ்டியரிங்கத் தொட்டாலே கை நடுங்குது.”

“முடியலன்னா முடியலன்னு சொல்லிடு. யாரு உன்னக் கட்டாயப்படுத்தினா?”

“சொன்னா லாவெர்ன் குபிச்செக் என்னை ஆயுசுக்கும் விடுவானா? தொடைநடுங்கின்னு பேரு வெச்சு, என் கல்லறை வரைக்கும் கூடவே வந்து கூப்பிடுவான்.”

ஆர்டிஸ் வேலியைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். “சரி, உடுப்பக் கழட்டு” என்றாள்.

அண்ணனின் எண்ணெய்க் கறை உடுப்பைத் தன் துணிக்கு மேல் மாட்டிக்கொண்டாள். ஹெல்மெட், கண்ணாடி, புழுதிக்காக வாயையும் மூக்கையும் மூடிக் கட்டுகிற கைக்குட்டை. இந்தக் கோலத்தில் பந்தயத்துக்கு வந்த பதினெட்டு பேரும் ஒரே பேங்க்கைக் கொள்ளையடித்த கூட்டம் மாதிரி ஒரே மாதிரித்தான் இருந்தார்கள். அறுவடை முடிந்த வயல்களில் வண்டியை விரட்டி விரட்டிப் பழகியவள் என்பதால் அவளுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. மெர்ல் உள்ளாடையோடு ஆட்டுக் கொட்டகைக்குள் பதுங்கி, இருபத்தைந்து சுற்றையும் காதால் கேட்டான்.

பதினெட்டு சுற்று வரை லாவெர்ன் குபிச்செக்கின் பதினாலாம் நம்பர் முன்னால் ஓடியது. எல்லோரும் வெளிப்பக்க வேலியை ஒட்டித்தான் வளைவில் திரும்பினார்கள். மண் ஒதுங்கிக் குவிந்து சக்கரத்துக்குப் பிடி கிடைப்பது அங்கேதான். மூன்றாவது வளைவில் உள்பக்கம் தண்ணீர் லாரி ஒழுகி ஒரு குட்டை நின்றது. அதற்குள் போகிறவன் பைத்தியக்காரன். பத்தொன்பதாவது சுற்றில் ஆர்டிஸ் அந்தக் குட்டைக்குள் இறங்கி, வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு, மறுபக்கம் வெளியே வந்தபோது லாவெர்ன் அவளுக்குப் பின்னால் இருந்தான். கட்டம் போட்ட கொடி விழுந்ததும் அவள் நிற்காமல் ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் ஜன்னல் வழியே குதித்து, உடுப்பை உருவி அண்ணனிடம் எறிந்து, தன் முகத்துச் சேற்றை இரண்டு கையாலும் வழித்து அவன் முகத்தில் பூசினாள். என்ஜினை அணைக்க அவளுக்கு நேரம் இல்லை. மெர்ல் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்து சுவிட்சைத் தட்டினான். மற்றது தெரிந்ததுதான்.

எலுமிச்சை ஜூஸ் கடைக்கு ஆர்டிஸ் போனபோது கடைக்கார அம்மாள் கேட்டாள்: “எங்கடி போய்த் தொலைஞ்ச? உங்கண்ணன் பேய் மாதிரி ஓட்டினான். பாத்திருக்கணும் நீ!”

“ஆட்டுக் கொட்டகைப் பக்கம் இருந்தேன்” என்றாள் ஆர்டிஸ். கையில் பெட்ரோல் வாசம் அடிக்க, ஜூஸை ஒரே மூச்சில் குடித்தாள்.

எட்டாம் நம்பர் நிற்கிற வரை வேறு பந்தய வண்டியைத் தொடமாட்டேன் என்று மெர்ல் அறிவித்தான். ஊர் அதைப் பெரிய மனசு என்று எடுத்துக்கொண்டது. ஐம்பத்தெட்டில் விவசாயக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் கருவிகளோடு வந்து மூன்று நாள் தங்கி, என்ஜின் ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அறுபத்தொன்றில் லூதரன் பாதிரியார் ஜெபம் செய்து பார்த்தார், அவர் கிளம்பிய பிறகு கத்தோலிக்கப் பாதிரியார் வந்து செய்து பார்த்தார். வண்டி இரண்டு பேரையும் சமமாக நடத்தியது. குளிர்காலங்களில் அதன் சக்கரத்தில் ஒரு பெல்ட்டை மாட்டிச் சோளம் உதிர்க்கும் மெஷினை ஓட்டிக்கொண்டார்கள். எழுபத்து மூன்றில் பெட்ரோல் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது, ஹாகன் பண்ணைக்கு ஜனங்கள் வந்து அந்தக் காலி டாங்கியைப் பொறாமையோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். காற்று தெற்கிலிருந்து அடித்தால் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். வடக்கிலிருந்து அடித்தாலும் கேட்கும். ஐம்பத்தைந்துக்குப் பிறகு பிறந்த குழந்தைகள் அது இல்லாமல் தூங்கியதே இல்லை. சிகாகோவுக்குத் தேனிலவு போன ஒரு ஜோடி, ஹோட்டல் ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று புகார் சொல்லி இரண்டாம் நாளே திரும்பி வந்தது.

ஆர்டிஸ் ஐம்பத்தேழில் தானியக் கிடங்கில் வேலை பார்த்த ஹோலிஸ் பிராட்லண்டைக் கல்யாணம் செய்துகொண்டாள். தேவாலயத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் பந்தய விஷயத்தை அவனிடம் சொன்னாள். ஹோலிஸ் ஒரு மைல் தூரம் யோசித்தான். பிறகு காரை ஓரங்கட்டி, இறங்கிச் சுற்றி வந்து, “தள்ளி உக்காரு. இனிமே நீயே ஓட்டு” என்றான். அதற்குப் பிறகு அவள் உடன் இருக்கும்போது அவன் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

எழுபத்தொன்றில் டொனவன் ஷ்ராடர் என்ற பள்ளிக்கூடப் பஸ் டிரைவர், வெல்பி பழைய பந்தயக்காரர் சங்கத்தை ஆரம்பித்தார். மனுஷருக்குப் பழைய பந்தயமென்றால் உயிர். எந்த வருஷம் எந்த மைதானத்தில் யார் எந்த நம்பரை ஓட்டினார்கள், எந்த வளைவில் யாருக்குப் பல் போயிற்று என்பதெல்லாம் அவரிடம் முப்பத்திரண்டு செருப்புப் பெட்டிகளில் இருந்தது. வருஷா வருஷம் செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, பழைய ஓட்டுநர்களும் அவர்கள் வண்டிகளைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்தவர்களும், வண்டியே இல்லாமல் வெறும் வாயோடு வருகிறவர்களும் மைதானத்தில் கூடுவார்கள். எட்டாம் நம்பரை இழுத்து வந்து மெஷின் கொட்டகையின் நடுவில் நிறுத்துவார்கள். அது உறும, சுற்றிலும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதற்கு மேல் குரலை உயர்த்திப் பழைய கதை பேசுவார்கள். அப்படிப் பேசிப் பேசிச் சங்கத்து ஆட்கள் வீட்டிலும், தேவாலயத்திலும், ஆஸ்பத்திரியிலும் கத்தியே பேசிப் பழகிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் மெர்லைப் போல 1955ஐச் சொல்ல ஆள் கிடையாது. அவர் அந்தப் பந்தயத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு வருஷம் ஒருவர், “எட்டாவது சுத்துல உன் பின்சக்கரம் தரையிலயே இல்ல, ஞாபகம் இருக்கா?” என்பார், அடுத்த வருஷம் மெர்லின் கதையில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். இன்னொருவர் வேலியில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பற்றிச் சொல்வார்; அடுத்த வருஷம் காக்காய் வந்துவிடும். இப்படி ஊரின் ஞாபகத்தையெல்லாம் வாங்கிச் சேர்த்து, எண்பதுகள் முடிவதற்குள் சரியான இடத்தில் குரல் தழுதழுக்கும் அளவுக்கு அவர் தேறிவிட்டார். விதைச் சோளம் விற்கப் போகிற வீடுகளிலெல்லாம் முதலில் பந்தயம், பிறகுதான் விதை. மனைவி செத்துப்போன பிறகு அவருக்கு வேறு போக்கிடமும் இல்லை. வாரத்தில் நாலு நாள் சங்கத்துக்காரர்களோடுதான் சாப்பாடு.

ஆர்டிஸ் ஒவ்வொரு வருஷமும் கொட்டகை ஓரத்தில் பலகார மேஜைக்குப் பின்னால் நின்று, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். எழும்பிய பின்சக்கரத்தைப் பொறுத்துக்கொண்டாள். காக்காயையும் பொறுத்துக்கொண்டாள். பேர் போனது பற்றி அவளுக்கு உண்மையிலேயே பெரிய வருத்தம் இல்லை. அவளால் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். பத்தொன்பதாவது சுற்றில் எட்டாம் நம்பர் வெளிப்பக்கமாக, வேலியை ஒட்டிப் போய் முந்தியது என்று எல்லோரும் சொன்னார்கள். புழுதியில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. லாவெர்ன் குபிச்செக் நெப்ராஸ்காவுக்கு வேலை தேடிப் போவதற்கு முன் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனான். டொனவனின் செருப்புப் பெட்டியிலும் அதுவே ஏறிவிட்டது.

“வெளிப்பக்கமாம்!” என்று அவள் வருஷா வருஷம் வீட்டுக்குத் திரும்பும்போது ஹோலிஸிடம் பொருமுவாள். “அன்னிக்கு அங்க போயிருந்தா வேலிக்கம்பியில துணி மாதிரி தொங்கியிருப்பேன்.”

“சொல்லித் தொலையேன்.”

“எப்பிடிச் சொல்றது? அவனுக்கு அந்தக் கூட்டத்த விட்டா யாரு இருக்கா?” என்று சொல்லிவிட்டு, ஆர்டிஸ் வளைவில் பிரேக்கைத் தொடாமல் திரும்புவாள்.

தொண்ணூற்றாறில் டொனவன் ஒரு சங்கதியை அறிவித்தார். மூன்றாவது வளைவுக்கு மெர்ல் ஹாகன் வளைவு என்று பெயர் வைத்து வெண்கலத் தகடு பதிக்கப் போகிறார்கள். தகடு வார்த்து வந்தும் விட்டது. கூட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை காலை மெர்ல் தங்கையின் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு அறுபத்தேழு வயது.

“தகடு வேணாம்னு சொல்லிடலாம்னு பாக்கறேன்.”

“ஏன், வெண்கலம் பிடிக்கலையா? தங்கத்துல கேக்கறியா?”

“விளையாடாத ஆர்டி. வாயால சொன்னது காத்தோட போயிடும். இது போகாது. நான் செத்தப்புறமும் அங்கயே நின்னு பொய் சொல்லிட்டிருக்கும்.” அவர் கோப்பையைப் பிடிக்காமல் மேஜையில் வைத்தே குனிந்து காப்பியை உறிஞ்சினார். “ஞாயித்துக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன்.”

“சொல்லிட்டு? திங்கக்கிழமை யாரோட உக்காந்து சாப்பிடுவ? பேசாம தகட்ட வாங்கிக்க. ஒரு தகடுதானே. பறவைங்க உக்காந்து எச்சம் போடும்.”

மெர்ல் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். அவர் போன பிறகு ஆர்டிஸ் மேஜையில் சிந்தியிருந்த காப்பியைத் துடைத்தாள். அன்றைக்கு மாவு பிசையும்போது வழக்கத்தைவிட அழுத்திப் பிசைந்தாள். ஹோலிஸ் அதைக் கவனித்துவிட்டு வெளியே போய்விட்டார்.

செப்டம்பர் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை மெஷின் கொட்டகையில் நானூறு பேர். நெப்ராஸ்காவிலிருந்து லாவெர்ன் குபிச்செக் நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக வந்திருந்தார். ஒல்லியாக, இரண்டு காதிலும் கருவி மாட்டிக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தகடு ஒரு போர்வைக்குள் இருந்தது. டொனவன் மெர்லை எழுப்பிவிட்டு, “முதல்ல கதை, அப்புறம் தகடு” என்றார். மெர்ல் எழுந்து கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார். உண்மையைச் சொல்லத்தான் எழுந்தார். ஆனால் நாற்பத்தொரு வருஷப் பழக்கம், வாய் தானாகக் கதையை ஆரம்பித்துவிட்டது. கறுப்பு மண், பதினெட்டு வண்டி, பின்சக்கரம், காக்காய். எல்லாம் வரிசையாக வந்தன. “பத்தொம்பதாவது சுத்து, மூணாவது வளைவு” என்று அவர் குரலைத் தாழ்த்தினார். “லாவெர்ன் எனக்கு முன்னால. நான் வெளிப்பக்கமா வேலிய ஒட்டி...”

“உள்பக்கம்!”

நானூறு தலைகள் திரும்பின. ஆர்டிஸ் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி பலகார மேஜைக்குப் பின்னால் நின்றாள். தான் கத்தியது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு நிறுத்த முடியவில்லை.

“உள்பக்கம்ங்கறேன்! குட்டைக்குள்ள! வெளிப்பக்கம் எவனாவது அங்க முந்த முடியுமா? பாக்காத ஜனங்க, ஓட்டாத ஜனங்க, நாப்பது வருஷமா வெளிப்பக்கம் வெளிப்பக்கம்னு!”

டொனவனுக்குக் கோபம் வந்தது. “ஆர்டிஸ், பதிவுல வெளிப்பக்கம்னுதான் இருக்கு. தோத்தவரே சொன்னது. இதோ, அவரே உக்காந்திருக்கார், கேளு.”

லாவெர்ன் ஒரு காதுக் கருவியைத் திருகினார். மெதுவாக எழுந்தார். “உள்பக்கம்தான்” என்றார். “குட்டைத் தண்ணி முழுக்க என் மூஞ்சியில. உள்பக்கம் விட்டுட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் வெளிப்பக்கம்னேன்.” அவர் ஆர்டிஸைப் பார்த்தார். “அது மட்டும் இல்ல. என்னைத் தாண்டறப்ப ஹெல்மெட்டுக்குக் கீழ ஒரு சடை தொங்கிச்சு. பின்னல் போட்ட சடை, நுனியில சிவப்பு ரிப்பன். மெர்லுக்கு எப்படா சடை மொளைச்சுதுன்னு யோசிச்சுக்கிட்டே தோத்துட்டேன். பொம்பளப் புள்ளகிட்டத் தோத்தேன்னு வெல்பியில சொல்லிட்டு எப்பிடி இருக்கறது? அதான் நெப்ராஸ்காவுக்குப் போயிட்டேன்.”

என்ஜின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மெர்ல் தொப்பியைக் கழற்றினார். பையிலிருந்து கைகளை வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி ஆடவிட்டார்.

“நான் ஆட்டுக் கொட்டகையில இருந்தேன்” என்றார். “உள்ளாடையோட. ஒரு சுத்து கூடப் பாக்கல. நீங்க சொல்லிச் சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

 பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்து, “அப்ப அந்தக் காக்கா?” என்றார்.

“காக்கா இருந்துச்சு” என்றாள் ஆர்டிஸ். அது பொய். ஆனால் காக்காயைச் சொன்னவர் அந்தக் கிழவர்தான்.

பிறகுதான் சிரிப்பு வந்தது. முதலில் லாவெர்ன், அப்புறம் மெர்ல், அப்புறம் கொட்டகையே. திங்கட்கிழமை மெர்லோடு சாப்பிட ஆள் இருக்குமா என்ற கேள்வி அப்போதே முடிந்துவிட்டது. ஆட்டுக் கொட்டகைக்குள் உள்ளாடையோடு நின்று பந்தயம் கேட்ட கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி அடுத்த மூன்று மாதம் அவரைச் சாப்பிடவே விடவில்லை. டொனவன் மட்டும் சிரிக்காமல், பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆர்டிஸிடம் ஒவ்வொரு சுற்றாகக் கேட்க ஆரம்பித்தார். நாலாவது சுற்றில் அவளுக்கு அலுத்துவிட்டது. “எழுதறத விடு. ஓட்டிக் காட்டறேன்” என்றாள்.

அறுபத்து மூன்று வயதில் ஜன்னல் வழியாகப் பந்தயக் காரில் ஏறுவது லேசில்லை. ஹோலிஸ் ஒரு காலையும் லாவெர்ன் ஒரு காலையும் பிடித்துத் தள்ளினார்கள். “யோவ், மூட்டையா நான்? மெதுவாத் தள்ளுங்கய்யா!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கிளட்சை மிதித்து, கியரைப் போட்டாள். கொட்டகையின் பெரிய கதவு வழியாக எட்டாம் நம்பர் யாரும் இழுக்காமலே வெளியே போய் மைதானத்தில் ஏறியது. டாங்கியில் நாற்பத்தொரு வருஷமாகப் பெட்ரோல் இல்லை என்பது யாருக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் அது பழைய செய்தி. முதல் இரண்டு சுற்று சும்மா போனாள். மூன்றாவதிலிருந்து பின்பக்கத்தை வெளியே தள்ளிச் சறுக்கித் திரும்பினாள். நானூறு பேர் வேலியோரம் வரிசையாக நின்று வாயைத் திறந்து பார்த்ததில் எல்லோர் பல்லிலும் மண். இருபத்தைந்து சுற்று முடிந்து மேடைக்கு முன்னால் வந்து நின்றாள். 1955இல் நேரமில்லாமல் விட்டுப்போன வேலையைச் செய்தாள். சுவிட்சைக் கீழே தட்டினாள்.

என்ஜின் நின்றது.

காது அடைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். சிலர் கொட்டாவி விட்டுப் பார்த்தார்கள். லாவெர்ன் காதுக் கருவியைக் கழற்றித் தட்டினார். தூரத்தில், ஊர்க்கோடியில், ஒரு பசு கூப்பிட்டது; அப்படி ஒரு பசு அங்கே இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

அதற்கப்புறம்தான் தொல்லை. அன்றிலிருந்து வெல்பியில் யாரும் தூங்கவில்லை. முப்பது வருஷம் குடித்தனம் செய்த தம்பதிகள் மற்றவர் குறட்டை விடுவதை முதல் தடவையாகக் கேட்டார்கள். சுவருக்குள் தண்ணீர்க் குழாய் முனகுவதும், மாடிப்படி தானாகக் கிரீச்சிடுவதும், மனசுக்குள் பழைய சண்டைகள் பேசுவதும் கேட்டன. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் கரும்பலகை மேல் சாய்ந்து தூங்கினார்கள். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை ஐந்து நாளில் தீர்ந்தது. சங்கத்துக்காரர்கள் பழக்கத்தில் கத்திப் பேசியதால், யார் வீட்டில் என்ன ரகசியம் என்பது தெரு முழுக்கத் தெரிந்துபோய் மூன்று குடும்பங்களுக்குள் பேச்சு நின்றது. பதினோராம் நாள் நகரசபை கூடி, கண் சிவந்த ஏழு உறுப்பினர்களும் ஒரு மனதாகத் தீர்மானம் போட்டார்கள். மேயரம்மா தாளை எடுத்துக்கொண்டு ஆர்டிஸின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அம்மா, வண்டிய மறுபடி ஓட வெக்கணும். உங்களால மட்டும்தான் முடியும்னு சொல்றாங்க.”

“முடியுமான்னு தெரியல. நின்னது நின்னதுதான்.”

“முயற்சி பண்ணுங்கம்மா. என் வீட்டுக்காரர் தூக்கத்துல வேற பொம்பள பேரச் சொல்றாரு. இத்தன வருஷம் எனக்குக் கேக்கவே இல்ல.”

ஆர்டிஸ் யோசித்தாள். “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க” என்றாள். “நான் ஒருத்தன ஏத்திக்கணும்.”

நடுவில் இருந்த நாட்களில் தகட்டுக்கும் ஒரு வழி பிறந்தது. வார்த்ததை மாற்ற முடியாது. மெர்ல் ஹாகன், 1955, இருபத்தைந்து சுற்று என்று அதில் இருந்தது. மெர்லே அதைத் தூக்கிப் போய் ஆட்டுக் கொட்டகைச் சுவரில், தான் காது வைத்துக் கேட்ட இடத்தில், நாலு ஆணி அடித்து மாட்டினார். அங்கே அது பொய் சொல்லவில்லை. மூன்றாவது வளைவு பேர் இல்லாமலே இருக்கட்டும் என்று ஆர்டிஸ் சொல்லிவிட்டாள். பேர் வைத்த வளைவில் யாரும் தைரியமாகத் திரும்ப மாட்டார்கள் என்பது அவள் கட்சி.

செப்டம்பர் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைதானத்தில் ஊரே கூடியது. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். டொனவன் தண்ணீர் லாரிக்காரரிடம் சொல்லி மூன்றாவது வளைவில் உள்பக்கம் ஒரு குட்டை விடச் செய்திருந்தார். எட்டாம் நம்பரில் ஓட்டுநர் சீட் ஒன்றுதான். பக்கத்தில் ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கயிற்றால் கட்டினார்கள். மெர்ல் அதைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“வேணாம் ஆர்டி. நான் இங்கயே நின்னு கேக்கறேன். எனக்குக் கேட்டே பழக்கம்.”

“கேட்டது போதும். ஏறு.”

“நடுங்குதுடி.”

“நடுங்கட்டும். நீயா ஓட்டப் போற? கூரைக்குக் கீழ இருக்கற குழாயப் புடிச்சுக்க, அதுவும் நடுங்கும். யாருக்கும் தெரியாது.”

அவரையும் ஜன்னல் வழியே திணித்தார்கள். ஆறு பேர் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளினார்கள். ஆர்டிஸ் சுவிட்சை மேலே தட்டி, கிளட்சை விட்டாள். பிளக் வயர் இல்லாத, பெட்ரோல் இல்லாத எட்டாம் நம்பர் ஒரு இருமல் இருமி உயிர்பெற்றது. பார்வையாளர் வரிசையில் தூங்கி விழுந்தவர்களில் பலர், நிமிர்ந்து உட்காராமல், நிம்மதியாக இன்னும் கொஞ்சம் சரிந்துகொண்டார்கள்.

முதல் ஆறு சுற்று மெர்ல் கண்ணைத் திறக்கவில்லை. தங்கை காதுக்குள் கத்திக்கொண்டே வந்தாள். ஏழாவதில் ஒரு கண்ணைத் திறந்தார். “வேலி இவ்வளவு கிட்டயா?” என்றார். பத்தாவதில் இரண்டையும் திறந்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஆர்டிஸ் ஒரு கையை விட்டுக் காட்டினாள்: இங்கே ஆறாம் நம்பர் சுழன்றது, இங்கே எனக்கு முன்னால் இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள், இங்கேதான் பயம் போனது. மெர்ல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் நூறு தடவை சொன்ன இடங்களை முதல் தடவையாகப் பார்க்கிறவரின் முகம் அது. பத்தொன்பதாவது சுற்றில் லாவெர்ன் ஒரு கடன் வாங்கிய பதினாலாம் நம்பரில் முன்னால் வந்து சேர்ந்துகொண்டார். கூட்டம் முடிந்தும் அவர் நெப்ராஸ்காவுக்குத் திரும்பாமல் ஹோலிஸ் வீட்டு சோபாவில் இரண்டு வாரம் படுத்துக் கிடந்தார். மூன்றாவது வளைவு வந்தது. எல்லோரும் போகிற வெளிப்பக்கத்தை விட்டு, ஆர்டிஸ் ஸ்டியரிங்கை இடப்பக்கம் வெட்டினாள். வண்டி குட்டைக்குள் இறங்கியது. பழுப்புத் தண்ணீர் ஒரு சுவராக எழுந்து ஜன்னல் வழியே உள்ளே விழுந்தது. பக்கவாட்டில் சறுக்கி மறுபக்கம் ஏறியபோது, முகமெல்லாம் சேறு வழிய, மெர்ல் கத்தினார்:

“உள்பக்கம்டீ! உள்பக்கம்தான்!”

“நாப்பது வருஷமா அதத்தானேடா சொல்றேன்!” என்று கத்தினாள் ஆர்டிஸ், வாய் விட்டு அவள் சொன்னது ஒரே ஒரு தடவைதான் என்றாலும்.

வண்டி மேடைக்கு முன்னால் வந்து நின்றதும் அவள் சுவிட்சைத் தொடாமல் இறங்கினாள். மெர்ல் இறங்க மறுத்து, இன்னும் நாலு சுற்று போகலாம் என்று பால் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். ஹோலிஸ் ஒரு துண்டு ருபார்ப் பலகாரத்தைக் காட்டித்தான் அவரை வெளியே எடுக்க முடிந்தது. டொனவன் முப்பத்து மூன்றாவது செருப்புப் பெட்டியைத் திறந்து, முதல் தாளில் இப்படி எழுதினார்: வண்டி எண் எட்டு. ஓட்டியவர் ஆர்டிஸ் பிராட்லண்ட். உடன் சென்றவர் மெர்ல் ஹாகன். சுற்றுகள் இருபத்தைந்து. மூன்றாவது வளைவில் உள்பக்கம். வானிலை தெளிவு. என்ஜின் அணைக்கப்படவில்லை, ஊரார் கேட்டுக்கொண்டபடி.